வெளிநாட்டுத் துணையோடு ஊர் திரும்பல்: எக்ஸ்-2 விசாவா, ஓசிஐ அட்டையா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை வருடம் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்குச் சொந்த ஊர் மதுரை. எட்டு வருடமாக பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை. மனைவி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். 2024 ஜனவரியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் தாலி கட்டினேன். 2025 மார்ச்சில் இங்கே நகராட்சி அலுவலகத்தில் முறைப்படி திருமணம் பதிவானது. போன தீபாவளிக்கு மறுநாள் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் வரவில்லை. அம்மா ஒற்றை ஆளாகத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டுவதைப் போனில் பார்த்தபோது, அந்த வாரமே முடிவெடுத்துவிட்டோம். வருகிற ஜூனில் மொத்தமாகக் கிளம்புகிறோம்.

நான் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன், அதனால் எனக்குச் சிக்கல் இல்லை. மனைவிக்கு என்ன வாங்குவது? ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவில் காலவரையின்றித் தங்க உதவும் அட்டை வாங்க, திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். தாலி கட்டி இரண்டு வருடம் ஆகிவிட்டதே, இப்போதே விண்ணப்பிக்கலாமா? இல்லை, சுற்றுலா விசாவில் வந்துவிட்டு அங்கே பார்த்துக்கொள்ளலாமா? அவர் பிரெஞ்சு மொழி ஆசிரியர், ஊரிலும் கற்பிக்க ஆசைப்படுகிறார். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


கொள்ளிடம்:

தம்பி, அப்பா சீக்கிரம் தேறி வரட்டும். நான் போலந்துக்காரப் பெண்ணை மணந்து பதினோரு வருடம் ஆகிறது. எக்ஸ் விசா, நீட்டிப்பு, ஓசிஐ என்று எல்லாப் படியும் ஏறியாகிவிட்டது.

முதலில் அந்த இரண்டு வருடக் கணக்கு. குடியுரிமைச் சட்டம் 1955-இன் 7ஏ பிரிவில், இந்தியக் குடிமகனின் வெளிநாட்டுத் துணைக்கு ஓசிஐ தரும் இடத்தில், திருமணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. 'பதிவு' என்ற அந்தச் சொல்லை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். எங்களுக்கு மண்டபத்தில் கல்யாணம் நடந்து பதினாலு மாதம் கழித்துத்தான் பதிவு. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனால் பதிவுத் தேதியிலிருந்துதான் எண்ணினார்கள். பதினாலு மாதம் வீணாகப் போனது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. உங்கள் மனைவி இந்து மதத்துக்கு மாறாதவர் என்றால், கோயிலில் கட்டிய தாலியை இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதியவே முடியாது. அந்தச் சட்டத்துக்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். மதம் வேறானவர்களுக்கு இங்கே இருக்கும் வழி 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் முப்பது நாள் வசித்திருக்க வேண்டும், அப்புறம் முப்பது நாள் அறிவிப்பு. நல்ல வேளையாக உங்களுக்கு பிரான்சில் பதிவாகிவிட்டது. எனவே உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கியது 2025 மார்ச். ஓசிஐ 2027 மார்ச்சுக்குப் பிறகுதான்.

அதுவரைக்கும் எக்ஸ்-2. நுழைவு விசா என்று சொல்வார்கள். இந்தியக் குடிமக்களின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள பிரிவு அது, இதற்கு இரண்டு வருடக் காத்திருப்பு கிடையாது. அதிகபட்சம் ஐந்து வருடம் வரை தரலாம் என்றாலும் முதல் தடவை ஒரு வருடம் மட்டும் கிடைத்தால் மனம் உடையாதீர்கள், அதை இங்கிருந்தே நீட்டிக்கலாம். 180 நாளுக்கு மேல் செல்லுபடியாகும் விசா என்றால், வந்து இறங்கிய 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ எனும் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 2018-இலிருந்து இது இணையம் வழியாகவே நடக்கிறது. நம் பக்கத்துக்கு மண்டல அலுவலகம் சென்னை ஹாடோஸ் ரோட்டு சாஸ்திரி பவன். மாவட்டங்களில் எஸ்.பி. அலுவலகத்தில் வெளிநாட்டவர் பிரிவு இருக்கும்.

பதினாலு நாள் என்பது ஜெட்லாக், விருந்து, சொந்தக்காரர் வீடு என்று பறந்துவிடும். இறங்கிய மறுநாளே உட்கார்ந்து பதியுங்கள்.


நெய்தல்:

சுற்றுலா விசாவில் வந்து மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது, நாங்கள் செய்திருக்கிறோம். ஆனால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

என் கணவர் ஜப்பானியர். அவர் சுற்றுலா விசாவில் வந்திருந்தபோது கோவையில் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தோம். அவர் நாட்டுத் தூதரகத்தில் திருமணமாகாதவர் என்று ஒரு சான்று வாங்கி வரவே மூன்று வாரம். பதிவு முடிந்ததும் விசாவை எக்ஸ்-2 ஆக மாற்ற விண்ணப்பித்தோம். சுற்றுலா விசா முடிய நாற்பது நாள் இருந்தது. இந்தியத் துணை ஓர் இழப்பீட்டுப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அதாவது இவருடைய செலவுக்கும் நடத்தைக்கும் நான் பொறுப்பு என்று. நாங்கள் உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறோமா என்று உள்ளூர்க் காவல்துறை விசாரித்து அறிக்கை அனுப்பும்.

அந்த விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு வந்தது. நான் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு நிற்கிறேன், கதவைத் திறந்தால் ஒரு ஏட்டு ஐயா. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ஹாலில் நின்றபடியே சுவரில் கல்யாணப் போட்டோவைப் பார்த்தார், செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தார், அப்புறம் என் கணவரிடம் நேராக, 'உங்க மாமியார் பேரு என்ன?' என்று தமிழில் கேட்டார். இவர் பதில் சொன்னதோடு நிற்காமல் 'அம்மா கிச்சன்ல இருக்காங்க' என்றார், அதுவும் தமிழில். ஏட்டு சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டு அத்தையிடமும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாற்பது நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. மின்னஞ்சல் வந்த ஒலி கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

உங்களுக்கு ஜூன் வரை நேரம் இருக்கிறது. பிரான்சிலேயே எக்ஸ்-2 வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்பாவைப் பார்க்க வந்த வீட்டில் இந்தக் கவலை வேறு எதற்கு?


வைகைக்கரை:

கொள்ளிடம் அண்ணா, நெய்தல் அக்கா, இருவருக்கும் நன்றி. 2027 மார்ச் என்று படித்தபோது கொஞ்சம் சோர்ந்துதான் போனோம், இருந்தாலும் தெளிவாகிவிட்டது. மனைவி உங்கள் பதிவை மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, என் அம்மாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் இப்போதே மனப்பாடம் செய்கிறார்!

வேலை பற்றி யாராவது சொல்ல முடியுமா? மதுரையில் ஒரு கல்லூரி பகுதி நேரமாக எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறது.


மலைக்கோட்டை:

எக்ஸ்-2 குடும்பத்தோடு வாழ்வதற்கான விசா. வேலை செய்யும் உரிமை அதோடு சேர்ந்து வராது. சம்பளம் வாங்கும் முன் எஃப்ஆர்ஆர்ஓவிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். பகுதி நேரம்தானே, கையில் பணமாகத் தருகிறார்கள்தானே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விசா நிபந்தனையை மீறினார் என்று ஒரு வரி கோப்பில் ஏறினால் நாளைக்கு ஓசிஐயின் பாதுகாப்புச் சரிபார்ப்பில் அது முன்னால் வந்து நிற்கும். ஓசிஐ கிடைத்தபின் கற்பிக்கத் தடை இல்லை. பொருளாதாரம், கல்வி விஷயங்களில் பொதுவாக என்ஆர்ஐக்கு உள்ள உரிமைகள் அவர்களுக்கும் உண்டு. விவசாய நிலமும் தோட்டமும் மட்டும் வாங்க முடியாது. ஓட்டு இல்லை. பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப்பிரசாரம், மலையேற்றம் இவற்றுக்கு 2021 மார்ச் அறிவிக்கையின்படி சிறப்பு அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு நிதியாண்டில் 182 நாளைத் தொட்டால் வருமான வரிக்கு அவர் இங்கே குடியிருப்பவர். பிரான்சில் வீட்டு வாடகை, வட்டி ஏதாவது வந்தால் முதல் வருடமே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.


குறிஞ்சிமலர்:

ஓசிஐ இரண்டு வருடத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எல்லோருக்கும் வராது. எங்களைப் போன்றவர்களும் இருக்கிறோம் என்பதற்காக எழுதுகிறேன்.

என் மனைவி பிறந்தது பர்மிங்காம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவருடைய தாத்தா கராச்சியிலிருந்து அறுபதுகளில் இங்கிலாந்து போனவர், போகும்போது பாகிஸ்தான் குடிமகன். அவ்வளவுதான் விஷயம். 7ஏ பிரிவின்படி விண்ணப்பிப்பவரோ, அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி எவராவதோ எப்போதாவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடியுரிமையில் இருந்திருந்தால் ஓசிஐ கிடையாது. எங்கள் கல்யாணத்துக்கு வயது ஒன்பது, இரண்டு பிள்ளைகள், மனைவி கும்பகோணத்துக்காரியாகவே மாறிவிட்டார். அந்தத் தாத்தாவை அவர் பார்த்ததுகூட இல்லை. எக்ஸ்-2 நீட்டிப்பு வரும்போதெல்லாம் அதே காகிதங்களை மறுபடி அடுக்குகிறோம்.

புதிதாக வருபவர்கள் கல்யாணத்துக்கு முன்பே நான்கு தலைமுறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருப்பது வேறு, தெரியாமல் ஏமாறுவது வேறு. தாத்தா 1947-க்கு முன்பே கிளம்பி, பாகிஸ்தான் குடியுரிமையே எடுக்காதவர் என்றால் கதை மாறும். அதை நிரூபிக்கும் காகிதம் கையில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.


ஈப்போ தமிழச்சி:

குறிஞ்சிமலர் அண்ணன் சொன்ன அதே தலைமுறைக் கணக்கு சிலருக்குச் சாதகமாகவும் வரும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா தமிழர்களை மணப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நான் மலேசியாவில் பிறந்தவள், கணவர் தஞ்சாவூர். கல்யாணத்தை வைத்து ஓசிஐ வாங்க இரண்டு வருடம் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பாதியில்தான் ஒரு தோழி சொன்னார்: எனக்கு வம்சாவளியிலேயே ஓசிஐ உண்டாம்! கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரைக்கும் உண்டு. என் தாத்தா நாமக்கல் பக்கம் பிறந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அதைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். ஈப்போவில் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே துணியில் சுற்றி அவருடைய பழைய பாஸ்போர்ட், பிறந்த ஊர், தாலுகா எல்லாம் கையால் எழுதியது. மடிப்பில் பிய்ந்திருந்தது. பிளாஸ்டிக் உறையில் வைத்து விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. துணை என்ற முறையில் வாங்கிய ஓசிஐயை, திருமணம் நீதிமன்றத்தில் முறிந்தால் 7டி பிரிவின்படி ரத்து செய்யலாம். வம்சாவளியில் வாங்கியது உங்கள் சொந்தம், கல்யாணத்தோடு அதற்கு முடிச்சே இல்லை. இரண்டு வருடக் காத்திருப்பும் இல்லை. பெண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். என் கணவர் தங்கமானவர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தாலும் நான் வாழும் நாட்டில் தங்கும் உரிமை என் தாத்தாவின் பெயரில் எனக்கு வந்தது என்று நினைக்கும்போது கிடைக்கும் நிம்மதியே தனி.


அகதியின் கணவன்:

படித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் பாஸ்போர்ட், விசா என்கிறீர்கள். என் மனைவியிடம் அது எதுவுமே இல்லை. 1991-இல் இங்கே இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவர். நான் ராமநாதபுரம். கல்யாணமாகி ஏழு வருடம். அவர் இலங்கையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்களுக்கு எந்த விசா?


கொள்ளிடம்:

தம்பி, உங்களுக்கு விசா வழியில் எளிய பதில் இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது அந்த அடிப்படையில்தான். உங்கள் மனைவி 1991. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். நான்கு வருட வித்தியாசத்தில் ஒரு வாழ்க்கை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஆகிவிடுகிறது. எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது.

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அது பெரிய ஆறுதல். ஆனால் அதுவே விசாவோ குடியுரிமையோ ஆகாது. உங்கள் திருமணம் பதிவாகியிருக்கிறதா? தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள், அபராதத்தோடு 150 நாள் வரை. தவறவிட்டிருந்தால் அதற்கு என்ன வழி என்று முதலில் அதைப் பாருங்கள். மனைவியின் பிறப்புச் சான்று, முகாம் பதிவு அட்டை, உங்கள் திருமணச் சான்று மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, முகாம் வழக்குகளை நடத்திப் பழகிய ஒரு வழக்கறிஞரை மதுரையில் பாருங்கள். தனிச்செய்தியில் வாருங்கள், நான் ஒருவரிடம் அழைத்துப் போகிறேன்.


அகதியின் கணவன்:

அண்ணா, பதிவு ஆகவில்லை. சர்ச்சில் எழுதிய புத்தகம் இருக்கிறது. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.


நெய்தல்:

குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒன்று. எனக்கு இது யாரும் சொல்லாமல் தற்செயலாகத் தெரிந்தது.

2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் அந்த நேரத்தில் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறைக்குள் வரக் கூடாது. விசா காலம் முடிந்தும் தங்கியவரும் அந்த வரையறைக்குள் வருகிறார். நீட்டிப்பை மறந்து பத்து நாள் தாண்டிவிட்டோம், அபராதம் கட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அந்தப் பத்து நாளில் பிரசவம் நடந்தால்? என் மகள் பிறந்தபோது கணவரின் விசா முடிய ஐந்து வாரம் இருந்தது. மருத்துவமனைப் பையில் குழந்தைத் துணிகளோடு அவருடைய நீட்டிப்பு விண்ணப்பத்தின் நகலையும் வைத்திருந்தேன்.


கொள்ளிடம்:

அக்கா சொன்னது பொன்னான விஷயம். நீட்டிப்புக்கு ஒரு மாதமாவது முன்னால் போட்டுவிடுங்கள்.

வைகைக்கரை தம்பிக்கு இன்னும் இரண்டு. பிரெஞ்சுத் திருமணச் சான்றில் அப்போஸ்தில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்குக் காட்டும் அரசு முத்திரை வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடு எடுத்து வாருங்கள். ஒன்று போதாது, நாலு மூலப் பிரதி கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பெயர். தமிழர்கள் எல்லோரும் இதில்தான் இடறுகிறோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர். போலந்துச் சான்றில் அதையே என் பெயர் என்று போட்டு, என் சொந்தப் பெயரை நடுப்பெயர் ஆக்கிவிட்டார்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் விரித்து முன்னால். நான்கு காகிதத்தில் நான்கு ஆள்! ஒரு அலுவலகத்தில் எதிரே இருந்தவர் நான்கையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பேனா முனையால் ஒவ்வொரு பெயராகத் தட்டி, 'இதில் உங்கள் மனைவியின் கணவர் யார்?' என்று கேட்டார். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிக் கொடுத்து முடிக்க இரண்டு மாதம். உங்கள் காகிதங்களை இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

ஓசிஐக்கு இந்தியாவில் போட்டால் கட்டணம் 15,000 ரூபாய், வெளிநாட்டில் போட்டால் 275 டாலர். கிடைத்த பிறகும், மனைவி புதிய பாஸ்போர்ட் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் நகலையும், திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். இது துணை வழியில் வாங்கியவர்களுக்கு உள்ள கடமை. குடியுரிமையே வேண்டும் என்றால் இங்கே ஏழு வருடம் வசித்தபின் கேட்கலாம், ஆனால் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைத் துறக்க வேண்டும். என் மனைவி அதை வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய அம்மா அங்கே தனியாக இருக்கிறார், நினைத்த நேரம் போய் வர வேண்டும் என்பதுதான் காரணம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.


வைகைக்கரை:

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எக்ஸ்-2 பிரான்சிலேயே கிடைத்தது, ஒரு வருடம். பெயரைப் பார்க்கச் சொன்னீர்களே அண்ணா, பார்த்தோம். திருமணச் சான்றில் என் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. கிளம்பும் முன்பே நகராட்சியில் திருத்தி, அப்போஸ்தில் வாங்கினோம்.

மதுரை வந்த மூன்றாம் நாள் பதிவு விண்ணப்பத்தை ஏற்றினோம். வீடு அப்பா பெயரில் இருப்பதால் முகவரிக்கு அவருடைய கையெழுத்து தேவைப்பட்டது. வலது கை இன்னும் சரியாக வரவில்லை. மனைவி பலகையைப் பிடித்துக்கொள்ள, இடது கையால் மெதுவாகப் போட்டார். பாதியில் நிறுத்தி, மருமகளைப் பார்த்து, 'எழுத்து சரியா இருக்காம்மா?' என்று கேட்டார். பதினோராம் நாள் பதிவுச் சான்று மின்னஞ்சலில் வந்தது.

கல்லூரிக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், வேலை அனுமதிக்குத் தனியாகக் கேட்டிருக்கிறோம். ஈப்போ அக்கா, உங்கள் பதிவை என் தங்கையின் சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு அனுப்பினேன், அவர்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறதாம். அகதியின் கணவன், உங்கள் திருமணப் பதிவு என்ன ஆயிற்று? நான் இப்போது மதுரையில்தான் இருக்கிறேன். வழக்கறிஞரைப் பார்க்க வரும் நாளைச் சொல்லுங்கள், பேருந்து நிலையத்துக்கு வண்டி எடுத்து வருகிறேன்.